மேடை ஏறியவர்கள் எங்கே பயின்றார்கள்?



பேச்சுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கு உறக்கம் குறைந்துவிடும். தலைப்பு வந்து சேரும். உரை எழுதவேண்டும். எதுகை மோனை பார்க்கவேண்டும். ஒரு திருக்குறளை முன்னும் ஒரு திருக்குறளைப் பின்னும் பொருத்தவேண்டும். பிறகு மாணவனை உட்காரவைத்து வரிவரியாக மனனம் செய்விக்கவேண்டும். கை எங்கே உயரவேண்டும், குரல் எங்கே தழையவேண்டும் என்பதுவரை நாமே குறித்துக் கொடுப்போம். "சார், பிள்ளைக்கு ஒரு பேச்சு எழுதித் தாங்க, நல்லா மனப்பாடம் பண்ணிடுவான்" என்று கேட்காத தாய்மார் குறைவு. நானும் பல்லாண்டுகளாக எழுதிக் கொடுத்தவன்தான். அப்படி எழுதிய உரைகள் ஒரு தடித்த கோப்பாக இன்னும் என் மேசையில் இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன்னர் மாவட்ட நிலைப் போட்டிக்கு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனை அழைத்துச் சென்றேன். தலைமைத்துவம் பற்றிய தலைப்பு. மூன்று வாரப் பயிற்சி. அரங்கில் தொடக்கம் முழங்கியது. இரண்டாவது பத்தி முடிந்து மூன்றாவது தொடங்கவேண்டிய இடத்தில் ஒரு சொல் அவனுக்கு வரவில்லை. "அதுமட்டுமன்றி" என்ற ஒரே ஒரு சொல். அச்சொல் இல்லாமல் அடுத்த வாக்கியத்தின் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. நடுவர்களுள் ஒருவர் கனிவுமிக்க மூதாட்டி. விதிமுறையைச் சற்றே தளர்த்தி, "பரவாயில்லப்பா, தலைவர்னா யாருன்னு உனக்குத் தோணுறதச் சொல்லு" என்றார். அவன் அவரைப் பார்க்கவில்லை. அரங்கின் ஓரத்தில் நின்றிருந்த என்னைப் பார்த்தான். தனக்குத் தோன்றுவதையும் நான்தான் சொல்லவேண்டும் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

திரும்பும் வழியில் காரில் அவன் அழவில்லை. "மன்னிச்சிருங்க சார்" என்றான். மன்னிப்புக் கேட்கவேண்டியவன் நான் என்று அப்போது சொல்லத் தோன்றவில்லை.

அதன் பின்னர் ஒரு கேள்வி என்னைத் தொடர்ந்தது. தமிழ்மேடையில் நாம் போற்றும் பேச்சாளர்கள் பலரும் இளம் வயதிலேயே மேடை ஏறியவர்கள். அவர்களுக்கு உரை எழுதிக் கொடுத்தவர் யார்? எங்கே பயின்றார்கள்? பள்ளி விடுமுறைகளில் இதைத் தேடிப் படித்தேன். கண்டவற்றுள் சிலவற்றை இங்குப் பகிர்ந்துகொள்கிறேன்.

வண்ணார்பண்ணை, 1847

தமிழர் பேச்சில் வல்லவர்கள், சங்க காலம் முதலே சொற்பொழிவாற்றியவர்கள் என்று நாம் மாணவர்களிடம் சொல்வதுண்டு. பாதி உண்மை. புலவர் அரசவையில் பாடினார். அறிஞர் நூலுக்கு உரை சொன்னார். கதைசொல்வோர் இசையோடு கதை சொன்னார்கள். ஆனால் ஒருவர் எழுந்து நின்று, கூடியிருக்கும் பொதுமக்களை நோக்கி, ஒரு பொருளைப் பற்றி, உரைநடையில், தம் கருத்தாகப் பேசுவது என்கிற வழக்கம் மிகப் பழையதன்று. அது வேரூன்றிய இடங்களுள் முதன்மையானது யாழ்ப்பாணம்.

யாழ்ப்பாணக் கோயில்களில் புராண படனம் என்னும் மரபு உண்டு. கந்தபுராணத்தை ஒருவர் இராகத்தோடு படிப்பார். மற்றொருவர் பொருள் விரிப்பார். இதனைப் 'பயன் சொல்லுதல்' என்பர். அழகான சொல். எவ்வளவு விரித்தாலும் பயன் சொல்பவரின் கயிறு நூலிலேயே கட்டப்பட்டிருக்கும். அடுத்த பாடல் எதுவோ அதுவே அடுத்த பேச்சு. இந்தக் கயிற்றை அவிழ்த்தவர் ஆறுமுக நாவலர்.

1822-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் நாள் நல்லூரில் பிறந்த ஆறுமுகம், மரபுவழியில் தமிழ் கற்றவர். ஆங்கிலம் கற்க வெசுலியன் மிசன் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அங்கேயே ஆசிரியரானார். பள்ளியை நடத்திய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் பணியில் அவரைத் துணைக்கு அமர்த்தினார். சைவ இளைஞர் ஒருவர் நாள்தோறும் பாதிரியாரோடு அமர்ந்து கிறித்தவ மறையின் சொற்களை நிறுத்துப் பார்க்கிறார். இந்த வாக்கியம் தமிழ்ச்செவிக்குப் பொருந்துமா, படிப்பறிவு குறைந்தவருக்கும் விளங்குமா என்று பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலை அது. பேச்சுக்கலைக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி இருக்கமுடியாது என்பது என் எண்ணம். மொழிபெயர்ப்பவன் எந்நேரமும் கேட்பவனின் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கவேண்டியவன்.

பாதிரிமார்களின் பிரசங்கத்தையும் அவர் அருகிருந்து அறிந்தார். வாரந்தோறும் குறித்த நாள், ஒரு பொருள், எதிரே அமர்ந்திருப்போரின் அன்றாட வாழ்வோடு அதை இணைத்தல். இந்த வடிவம் மக்களை ஈர்க்கிறது என்பதைக் கண்டுகொண்டார். அவருடைய சமயக் கொள்கை வேறு. வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.

1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31. வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் நாவலரின் முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது 25. 'நாவலர்' என்ற பட்டமும் அப்போது இல்லை. கிறித்தவர்களின் பிரசங்கத்தை எதிர்கொள்ளக் கிறித்தவர்களிடமே கற்ற முறையில் ஒரு சைவ இளைஞர் கோயிலில் எழுந்து நின்று பேசினார். அன்றைக்கு அது புதுமை மட்டுமன்று, துணிவும் கூட.

ஆசிரியர்கள் கவனிக்கவேண்டியது அதன் பிறகு நடந்தது. ஒரு நாளோடு அது முடியவில்லை. வெள்ளிதோறும் தொடர்ந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் அவரும் மாறிமாறிப் பேசினார்கள். கடவுள் இயல்பு, சிவலிங்க வழிபாடு, கொல்லாமை, மதுவின் தீமை, தானம் எனப் பொருள்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஒரே கூட்டத்தின் முன்னால் வாரந்தோறும் பேசுபவரால் ஒரே உரையை மனனம் செய்து ஒப்புவிக்கமுடியாது. சென்ற வாரம் எவர் முகம் சுளித்தார், எவர் உறங்கினார், எந்த இடத்தில் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது என்பதை இந்த வாரம் நினைவில் வைத்தாகவேண்டும். நாம் நடத்தும் போட்டியோ ஆண்டுக்கு ஒரு முறை. கேட்பவர்கள் முன்பின் அறியாத மூன்று நடுவர்கள்.

1848-இல் பாதிரியாரிடமிருந்து விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1849-இல் அச்சுப்பொறி வாங்கத் தமிழகம் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனத்தில் பேசினார். அங்கேதான் 'நாவலர்' என்ற பட்டம் கிடைத்தது. பிற்காலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாலபாடங்களை எழுதியவரும் இவரே. வாயால் பேசிப் பேசித் தெளிந்த உரைநடைதான் அந்தப் பாடநூல்களில் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடவேண்டும். நாவலர் சாதி ஒழுங்கை ஏற்றவர். அவர் அவிழ்த்தது நூலின் கயிற்றைத்தான். கோயில் வாசலில் எவர் உள்ளே, எவர் வெளியே என்ற கட்டு அப்படியே இருந்தது. நாவலரைப் பற்றி மாணவர்களிடம் பேசும்போது இதையும் சேர்த்தே சொல்வது நேர்மை.

கடற்கரையும் ஆலைவாசலும்

கட்டு தளர்வதற்கு அறுபது ஆண்டுகள் சென்றன. 1908-ஆம் ஆண்டு தூத்துக்குடி. சுப்பிரமணிய சிவாவுக்கு வயது 23. வ.உ.சிதம்பரனாருக்கு 35. சுதேசி இயக்கத்தின் பேச்சு அதுவரை பெரும்பாலும் ஆங்கிலம் அறிந்த வழக்கறிஞர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் உரியதாக இருந்தது. இவர்கள் தமிழில் பேசினார்கள். கேட்டவர்களில் கோரல் ஆலைத் தொழிலாளர்களும் இருந்தார்கள். பிப்ரவரி 27-இல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச்சுத் தொடக்கத்தில் கூலி உயர்வோடும் ஞாயிறு விடுமுறையோடும் முடிந்தது. மார்ச்சு 12-இல் இருவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது.

அவர்கள்மீது வந்த வழக்கில் குற்றமாகக் காட்டப்பட்டது பேச்சு. அதே ஆண்டு சூலை 7-இல் சிவாவுக்குப் பத்தாண்டும் வ.உ.சி.க்கு வாழ்நாளும் நாடுகடத்தல் தண்டனையாக விதிக்கப்பட்டன. மேல்முறையீட்டில் பின்னர்க் குறைந்தன. 'பேசினால் என்ன ஆகும்?' என்று அலட்சியமாகக் கேட்கும் மாணவர்களுக்கு இந்தச் செய்தியைச் சொல்வது என் வழக்கம். வகுப்பு அமைதியாகிவிடும்.

இங்கே ஒரு கொடிவழியைக் காட்டவேண்டும். யாழ்ப்பாணத்துப் புலோலியைச் சேர்ந்த நா.கதிரைவேற்பிள்ளை, நாவலர் மரபைப் போற்றியவர். சென்னை வெசுலி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தார். அவரிடம் பயின்ற மாணவர்களுள் ஒருவர் 1883-இல் பிறந்த திரு.வி.கலியாணசுந்தரனார். அருட்பா பற்றிய சச்சரவில் ஆசிரியர்மீது வழக்கு வந்தபோது அவருக்காகச் சான்று கூற நீதிமன்றம் சென்ற மாணவர், பள்ளி இறுதித் தேர்வை எழுத இயலாமற் போனார். அத்தோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. சான்றிதழ் இல்லாமற்போன அந்த இளைஞர்தான் பின்னாளில் தமிழ்மேடையின் நடையையே மாற்றியவர். வெசுலி பள்ளியில் தமிழாசிரியராகவும் பணியாற்றி, 1917-இல் 'தேசபக்தன்' இதழுக்குச் சென்றார்.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. அதன் தலைவர் பி.பி.வாடியா பம்பாயைச் சேர்ந்த பார்சி, தமிழ் அறியாதவர். அவர் ஆங்கிலத்தில் பேசினால் ஒருவர் தமிழாக்குவார். அந்தக் கூட்டங்களில் திரு.வி.க.வின் தமிழ் நேராகவே தொழிலாளர்களைச் சென்றடைந்தது. கேட்பவன் புரிந்துகொள்ளவேண்டும் என்ற அக்கறையில் தொடங்கிய மொழி அது. இன்று அதைச் செந்தமிழ்நடை என்று அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டோம்.

திருவாரூர்

அடுத்த தலைமுறையில் பள்ளிப் பிள்ளைகளே மேடைக்கு வந்தார்கள். 1937-38 இந்தித் திணிப்பு எதிர்ப்புப் போராட்டம் மாணவர்களைத் தெருவுக்கு அழைத்தது. திருவாரூரில் பட்டுக்கோட்டை அழகிரிசாமியின் பேச்சைக் கேட்டுக் கிளர்ந்த பதின்பருவச் சிறுவர் மு.கருணாநிதி. அவருடைய முதல் மேடைப் பேச்சு 1939-இல், பள்ளியில்; தலைப்பு 'நட்பு'. நம் பள்ளிகளில் இன்றும் கொடுக்கிற தலைப்புதான்! வேறுபாடு, அதற்கு முன்னும் பின்னும் அவர் செய்தவற்றில் இருக்கிறது. 'மாணவ நேசன்' என்று கையெழுத்து ஏடு நடத்தினார். மாணவர் மன்றம் அமைத்தார். 1942-இல் 'முரசொலி' தொடங்கினார். எழுதினார், அதனால் பேசச் செய்தி இருந்தது. மன்றம் வைத்தார், அதனால் கேட்க ஆள் இருந்தது. அரசியலில் அவரை ஏற்பவரும் மறுப்பவரும் என் வாசகர்களிலேயே உண்டு. நான் இங்குப் பார்ப்பது ஓர் எட்டாம் வகுப்பு மாணவரை மட்டுமே.

அக்காலத் தமிழகத்தில் தேநீர்க்கடையும் முடிதிருத்தகமும் படிப்பகமும் பேச்சுப் பள்ளிகளாக இருந்தன. ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார். சுற்றியிருப்பவர் கேட்பார். பிறகு வாதம் தொடங்கும். படிப்பவர் ஒருவர், பயன் சொல்பவர் எல்லாரும்.

நம் நாட்டில்

அதே திருவாரூரில் 1903-இல் பிறந்த மற்றோர் இளைஞர் 1924-இல் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தார். கோ.சாரங்கபாணி. 1929 இறுதியில் பெரியார் மலாயா வந்து பல ஊர்களில் பேசிச் சென்றபின் சீர்திருத்தக் கருத்துகள் இங்கும் சூடுபிடித்தன. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம். 1935 சூலையில் 'தமிழ் முரசு'. 1952-இல் தமிழர் திருநாள். பேச்சு, எழுத்து, கலை என்று போட்டிகளை அத்திருநாளின் பகுதியாக்கினார்கள். நம் பள்ளிகளின் பேச்சுப் போட்டிக்கு மூதாதை என்று அதனைச் சொல்லலாம்.

ஆனால் என்னைக் கவர்ந்தது திருநாளைவிட மாணவர் மணிமன்றம். 1950-களில் தமிழ் முரசு மாணவர்களுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியது. தோட்டங்களிலும் பட்டணங்களிலும் இருந்த பிள்ளைகள் எழுதியனுப்பினார்கள். அச்சில் பெயர் கண்டவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சந்தித்தார்கள். ஊர்தோறும் மன்றங்கள் எழுந்தன. பின்னர்த் தமிழ் இளைஞர் மணிமன்றங்களாக வளர்ந்தன. கூட்டத்துக்குத் தலைமை ஏற்பது, வரவேற்புரை ஆற்றுவது, கணக்குக் காட்டுவது, நன்றி கூறுவது என எல்லாவற்றையும் அந்த இளையோரே செய்தார்கள். இந்நாட்டின் எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், சங்கப் பொறுப்பாளர்கள் பலர் அந்த நாற்காலிகளிலிருந்து எழுந்தவர்கள். தலைமைத்துவம் என்பதை எவரும் அவர்களுக்குத் தலைப்பாகக் கொடுக்கவில்லை. நாற்காலியை அடுக்கியவன் அடுத்த ஆண்டு செயலாளரானான்.

இதுவரை வந்த பெயர்கள் அனைத்தும் ஆண்களின் பெயர்கள் என்பதைப் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனித்திருப்பீர்கள். நானும் தாமதமாகவே கவனித்தேன். 1943 சூலையில் சிங்கப்பூர் வந்த சுபாசு சந்திர போசு, கோலாலம்பூரில் பேசியபோது கூட்டத்தில் சானகி தேவர் என்னும் இளம்பெண் இருந்தார். 1925-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். அப்போது வயது 18. வசதியான குடும்பம். காதிலிருந்த வைரத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். சான்சிராணிப் படையில் சேர்ந்தார். அந்தப் படையில் இருந்தவர்களில் பலர் இரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டிய தமிழ்ப் பெண்கள். கட்டளை மொழியோ இந்துசுதானி. வீட்டில் ஆண்கள் முன்னால் குரல் உயர்த்தக் கூடாதென்று வளர்க்கப்பட்ட பெண்கள், முன்பின் அறியாத ஒரு மொழியில் அணிவகுப்பு மைதானத்தில் கட்டளையிடவும் கட்டளைக்குச் செவிசாய்க்கவும் பயின்றார்கள். சானகி அதிகாரியாகிப் பர்மாவரை சென்றார். போருக்குப் பின் மலாயா இந்தியர் காங்கிரசின் தொடக்கக் காலத்தில் பங்காற்றினார்; மேலவை உறுப்பினராகவும் இருந்தார். 2014-இல் மறைந்தார். நம் மாணவிகளுள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? என் வகுப்பில் கேட்டேன். ஒரு கையும் உயரவில்லை.

ஒரு கேட்பவராக இருந்த அந்தப் பெண் ஒரே கூட்டத்தில் தன் வாழ்வின் திசையை மாற்றிக்கொண்டார் என்பதைப் படித்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. போட்டிக்குப் பேசும் பிள்ளைகளைப் பயிற்றுவிக்கிறோம். அரங்கில் அமர்ந்திருக்கும் மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்கப் பயிற்றுவிப்பதே இல்லை. கைதட்டவேண்டிய இடத்தை மட்டும் சொல்லிக்கொடுக்கிறோம். கேட்டல், பேச்சு என்று பாடத்திட்டம் இரண்டையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறது.

வெள்ளிக்கிழமைகள்

யாழ்ப்பாணத்துப் புராண படனத்தை மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். படிப்பவர், பயன் சொல்பவர் என்று இருவர் அங்கே இருந்தார்கள். என் மாணவனை நான் படிப்பவனாக மட்டுமே மேடைக்கு அனுப்பினேன். பயன் சொல்லும் பாதியை என் வீட்டு மேசையிலேயே வைத்துக்கொண்டேன். மூதாட்டியான அந்த நடுவர் கேட்டது பயன். அவனிடம் அது இல்லை.

அடுத்த தவணையிலிருந்து வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை மாற்றிக்கொண்டேன். நாளுக்கு நான்கு பிள்ளைகள். ஆளுக்கு இரண்டு நிமிடம். எழுதிவரக் கூடாது. அந்த வாரம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லவேண்டும். கேட்பவர்களில் இருவர் ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கவேண்டும். 'நன்றாகப் பேசினாய்' என்பது கேள்வியாகாது. தொடக்கத்தில் பெரும் அவதி. இரண்டு நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் மௌனமாகவே கழிந்தது. "இப்படிப் பேசினா பரிசு கிடைக்குமா சார்?" என்று ஒரு தந்தை நேராகவே கேட்டார். கிடைக்காது என்றேன். அந்த ஆண்டு எங்களுக்குப் பரிசு கிடைக்கவும் இல்லை. தலைமையாசிரியருக்கு மனக்குறைதான். போட்டிகளை நான் வெறுக்கவில்லை. இன்றும் பிள்ளைகளை அனுப்புகிறேன். உரையின் முதல் வரைவை அவர்களே சொல்ல, நான் எழுதிக்கொள்கிறேன். அவர்கள் சொல்லாத ஒரு சொல்லையும் சேர்ப்பதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். சில வேளைகளில் அந்த விதியை மீறிவிடுகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மேடையில் நின்றுபோன அந்த மாணவன் இப்போது இடைநிலைப்பள்ளியில் படிக்கிறான். சென்ற ஆண்டு பள்ளி வாசலில் தங்கையை அழைத்துப்போக வந்திருந்தான். அன்று கேட்காத மன்னிப்பை அப்போது கேட்டேன். அவனுக்கு முதலில் எதைப் பற்றி என்றே விளங்கவில்லை. பிறகு சிரித்தான். "அது பரவாயில்ல சார், ஆனா அந்தப் பேச்சு இன்னும் எனக்கு முழுசா மனப்பாடம்" என்று சொல்லி, "அதுமட்டுமன்றி" என்று தொடங்கி ஒரு பத்தியை ஒப்புவித்தும் காட்டினான். எனக்குச் சிரிப்பதா என்று தெரியவில்லை.

அவன் தங்கை நான்காம் ஆண்டு. சென்ற வெள்ளிக்கிழமை அவள் முறை. வீட்டுக்குப் பின்னால் பாட்டி முருங்கைக்கிளை நட்டதைப் பற்றிப் பேச வந்தாள். பாதியில் நின்றுவிட்டாள். வகுப்பு காத்திருந்தது. நானும் வாயைத் திறக்காமல் காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த தோழிகளைப் பார்த்து, "மறந்துட்டேன். இருங்க, வேற மாதிரி சொல்றேன்" என்று தொடங்கினாள்.